ஃபியட் மல்டிப்ளா டீசல்: வண்டியைப் பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்விகள்

இங்கிலாந்தில் பழைய ஃபியட் மல்டிப்ளா ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1.9 லிட்டர் ஜே.டி.டி. டீசல் இன்ஜின், 2004-க்கு முந்தைய பழைய முகம். எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து ஏதாவது கேட்கிறார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் காரில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். முதலில் சாதாரணமானவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

இது என்ன வண்டி? எங்கேயாவது இடிச்சு இப்படி ஆயிடுச்சா?

இடிக்கவில்லை, தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வந்தது. இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட குடும்பக் கார் இது. பிரிட்டனுக்கு வலது கை ஸ்டியரிங்குடன் 2000-இல் வந்தது. தயாரிப்பு 2010 வரை நடந்தது. முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் என்று இரண்டே வரிசையில் ஆறு பேர் உட்காரலாம்.

நீளம் 3,994 மி.மீ., அகலம் 1,871 மி.மீ., உயரம் 1,670 மி.மீ. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதி கேள்விகளுக்கு விடை இவற்றில்தான் இருக்கிறது.

நெத்தியில எதுக்குங்க லைட்டு?

விண்ட்ஸ்கிரீனுக்கு அடியில், பானெட் முடிகிற இடத்தில் ஒரு மடிப்பு இருக்கிறது. அதில் உள்ள இரண்டு சின்ன வட்ட விளக்குகள் ஹை பீம். கீழே வழக்கமான இடத்தில் இருப்பவை லோ பீம். அதனால் பகலில் இத்தனை கண் தெரிந்தாலும், இரவில் எதிரே வருகிறவருக்கு இது சாதாரணக் கார்தான்.

மடிப்பு ஏன் என்றால், கீழ்ப் பாதியும் மேல் பாதியும் வெவ்வேறு வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை. கீழ்ப் பாதி இன்ஜினையும் சக்கரங்களையும் மூடுகிறது. மேல் பாதி மூன்று பேரின் தோளுக்கும் தலைக்கும் இடம் விட வேண்டும் என்பதால், கண்ணாடிகள் உள்பக்கம் சாயாமல் கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன. மற்ற கம்பெனிகள் இந்த இரண்டையும் ஒரு சரிவில் இணைத்து மறைத்துவிடும். இவர்கள் மறைக்கவில்லை.

இவ்வளவு அசிங்கமா வரைஞ்சவருக்கு வேலை போயிருக்குமே?

போகவில்லை. வரைந்தவர் ரொபர்ட்டோ ஜொலீத்தோ. 2007-இல் வந்து ஐரோப்பா முழுக்க விற்றுத்தீர்த்த புதிய ஃபியட் 500-ம் அவர் கைவண்ணம்தான். 2004-இல் காட்டப்பட்ட ட்ரெப்பியூனோ என்ற மாதிரிக் காரிலிருந்து பிறந்தது அது. பிறகு ஃபியட் டிசைன் பிரிவுக்கே தலைமை ஏற்றார். அழகான கார் வரையத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1999-இல் அடுத்த நூற்றாண்டுக்கான கார்கள் என்று ஒரு கண்காட்சி நடத்தியபோது அதில் மல்டிப்ளாவும் இருந்தது. அதே சமயம் உலகின் அசிங்கமான கார்கள் என்று பத்திரிகைகள் போடும் பட்டியலிலும் இது தவறாமல் வரும். ஃபியட்டின் பிரிட்டன் கிளைக்கு இது தெரியாமல் இல்லை. புதுக் காரின் பின்கண்ணாடியிலேயே 'முன்பக்கத்தைப் பார்க்கும்வரை பொறுங்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். எனக்கு இந்த வண்டி மேல் மரியாதை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நிஜமாவே முன்னாடி மூணு பேரா? நடுவுல உட்கார்றவன் கியர் மேலதானே உட்காரணும்?

அம்பாசிடர் பெஞ்ச் சீட்டை நினைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. இங்கே பெஞ்ச் கிடையாது. ஆறும் தனித்தனி இருக்கைகள், ஆறுக்கும் மூன்று முனை சீட் பெல்ட். கியர் லீவர் டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக் ஓட்டுநர் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில். அதனால் நடுவில் இருப்பவர் காலை நீட்ட எந்தத் தடையும் இல்லை. நடு இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டால் தோளோடு தோள் இடிக்காது.

ஆள் இல்லாதபோது நடு இருக்கையின் முதுகை முன்னால் மடக்கினால் மேசையாகிவிடும். பின்னிருக்கைகள் மூன்றையும் கழற்றி வெளியே வைக்கலாம். தனியாளாகத் தூக்கலாம், ஆனால் இடுப்பு வலி உள்ளவர்கள் துணைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆறு பேர் உட்கார்ந்த பிறகும் டிக்கியில் 430 லிட்டர் இடம் இருக்கிறது. இந்தக் காரின் உண்மையான பெருமை அதுதான்.

இன்னோவா மாதிரி மூணு வரிசை வெச்சிருக்கலாமே?

வைத்திருந்தால் நீளம் கூடியிருக்கும். இன்னோவா கிரிஸ்டா 4,735 மி.மீ. நீளம், 1,830 மி.மீ. அகலம். மல்டிப்ளா அதைவிட 74 செ.மீ. குட்டை, 4 செ.மீ. கூடுதல் அகலம். அதாவது ஸ்விஃப்ட்டை விடக் கொஞ்சம் நீளமான இடத்தில் நிறுத்தக்கூடிய, கிரிஸ்டாவை விட அகலமான வண்டி.

சின்ன மூன்று வரிசைக் கார்களில் கடைசி வரிசையில் உட்காருபவரின் முழங்கால் தாடையைத் தொடும். அங்கே ஆள் உட்கார்ந்துவிட்டால் டிக்கி காணாமல் போகும். கல்யாணத்துக்கு ஆறு பேரும் நான்கு பெட்டியுமாகப் போனவர்களுக்கு இது தெரியும். மூன்று வரிசை வேண்டாம் என்று முடிவெடுத்த அந்த நிமிடமே அகலமும், நேரான கண்ணாடியும், நெற்றி மடிப்பும் முடிவாகிவிட்டன. உள்ளே ஆட்களை உட்காரவைத்துவிட்டு, அதன் பிறகு வெளியே தகடு போர்த்தியதுபோல் இருக்கிறது என்று சொல்வார்கள். கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான்.

2004-இல் ஹோண்டா எடிக்ஸ் இதே மூன்றுக்கு மூன்று ஏற்பாட்டோடு வந்தது. ஐரோப்பாவில் அதன் பெயர் எஃப்.ஆர்.-வி. முகம் ஒழுங்காக இருந்தது. அதுவும் ஒரு தலைமுறையோடு நின்றுபோனது. ஆக, மல்டிப்ளா பரவாமல் போனதற்கு முகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

மல்டிப்ளான்னு கறுப்பு வெள்ளைப் படத்துல ஒரு குட்டி வண்டி பார்த்திருக்கேன், அது வேறயா?

அது தாத்தா. ஃபியட் 600 காரை வைத்து ஃபியட் பொறியாளர் தாந்தே ஜகோசா வடிவமைத்து 1956-இல் வந்த 600 மல்டிப்ளா. இன்ஜின் பின்னால், ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு மேலே, 3.53 மீட்டரில் ஆறு பேர். ஆனால் அதில் மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு பேர். இத்தாலிய நகரங்களில் டாக்சியாக நிறைய ஓடியது. குறைந்த நீளத்தில் ஆறு பேர் என்ற கணக்கும் பெயரும்தான் பேரனுக்கு வந்தன.

அகலமான வண்டின்னா சந்துல ஓட்டக் கஷ்டமா இருக்குமே?

திரும்புவது சுலபம், நுழைவதுதான் பிரச்சினை. நீளம் குறைவு, நான்கு பக்கமும் கண்ணாடி, பானெட் குட்டை. அதனால் வளைத்துத் திருப்புவதும் ரிவர்ஸ் எடுப்பதும் எளிது. பழைய பிரிட்டிஷ் வீடுகளின் கராஜுக்குள் விட்டால், கார் உள்ளே போகும், கதவைத் திறந்து நீங்கள் வெளியே வர முடியாது. வாங்கும் முன் அளவு நாடாவோடு போங்கள்.

பெட்ரோல்ல 103 குதிரை, டீசல்ல 105. ரெண்டு குதிரைக்காகவா டீசல் வாங்கினீங்க?

குதிரைசக்தியை விட்டுவிட்டு டார்க்கை, அதாவது இன்ஜினின் திருகு விசையைப் பாருங்கள். 1.6 பெட்ரோல் இன்ஜின் சுமார் 145 நியூட்டன் மீட்டர் தரும், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்குப் பக்கத்தில் போனால்தான். 1,910 சி.சி. டீசல் 200 நியூட்டன் மீட்டரை 1,500 சுற்றிலேயே கொடுத்துவிடும்.

தனியாகப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆறு பேரும் சாமானும் ஏறிய பிறகு, மேட்டில் பெட்ரோல் வண்டிக்கு இரண்டு கியர் குறைத்து இன்ஜினை அலறவிட வேண்டும். டீசல் இருக்கிற கியரிலேயே முணுமுணுத்துக்கொண்டு ஏறும். ஆட்களை ஏற்றுவதற்காகவே செய்த காருக்கு எது பொருத்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தினம் தனியாக, ஐந்து கிலோமீட்டருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் பெட்ரோலே எடுங்கள். எரிவாயுவில் ஓடும் மல்டிப்ளாவும் இருந்தது. சிலிண்டர்களைத் தட்டையான தரைக்கு அடியில் வைத்திருந்தார்கள். இத்தாலிக்கு வெளியே அது அதிகம் கண்ணில் படாது.

ஜே.டி.டி.ன்னா என்ன? காமன் ரெயில் பாஷ் கம்பெனி கண்டுபிடிச்சதுதானே?

ஜே.டி.டி. என்பது ஃபியட் தன் காமன் ரெயில் டர்போ டீசலுக்கு வைத்த பெயர். பாஷ் விஷயம் பாதி சரி. பழைய டீசல்களில் பம்ப்தான் எல்லாம். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதைப் பொறுத்துத்தான் எரிபொருளின் அழுத்தம். காமன் ரெயிலில் பம்ப் எரிபொருளை ஒரு பொதுக் குழாயில் அழுத்தி வைத்துவிடும். முதல் தலைமுறையில் அந்த அழுத்தம் 1,350 பார் வரை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதைக் கணினி முடிவு செய்யும். முக்கிய அளவுக்கு முன்னால் ஒரு துளியைத் தெளித்து எரியவிட முடிவதால், பழைய டீசலின் அந்த 'டக டக' அடங்குகிறது.

ஃபியட்டுக்கு இந்தச் சத்தம் பெரிய தலைவலியாக இருந்தது. 1988-இல் ஃபியட் க்ரோமா காரில், டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ டீசலைப் போட்டார்கள். பயணிகள் காரில் அப்படி வந்தது அதுதான் முதல். சிக்கனம் கிடைத்தது, சத்தமும் கூடவே வந்தது. அதற்குத் தீர்வு தேடித்தான் ஃபியட் ஆராய்ச்சி மையமும், உதிரிபாக நிறுவனமான மாக்னெட்டி மாரெல்லியும், தென் இத்தாலியில் இருந்த எலாசிஸ் ஆராய்ச்சி நிறுவனமும் காமன் ரெயிலை உருவாக்கின. 1990-களின் நடுவில் ஃபியட் அதை ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்கு விற்றது. பெரிய அளவில் தயாரிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது பாஷ். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-இல் முதன்முதலாகக் காருக்கு வந்தது. அடுத்த ஆண்டே அந்த 1.9 இன்ஜின் மல்டிப்ளாவின் குட்டை பானெட்டுக்குள் இருந்தது.

விற்காமல் வைத்திருந்தால் உலகத்தில் ஓடும் டீசல் கார்கள் எல்லாவற்றிலிருந்தும் ஃபியட்டுக்குக் காசு வந்திருக்கும் என்று இத்தாலியர்கள் இன்னும் புலம்புவார்கள். பாஷ் இல்லாமல் அது அவ்வளவு சீக்கிரம் தெருவுக்கு வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அப்போ நம்ம ஸ்விஃப்ட் டீசல்ல இருந்த ஃபியட் இன்ஜினும் இதுதானா?

இல்லை, அது இதன் தம்பி. ஸ்விஃப்ட்டில் 2007-இல் வந்தது 1.3 மல்டிஜெட் (ஜே.டி.டி.க்கு அடுத்த தலைமுறை ஃபியட் காமன் ரெயில் டீசலின் பெயர்), 2003-இல் உருவான தனி இன்ஜின். தொழில்நுட்பம் இதே வழியில் வந்தது, இரும்பு வேறு.

நேர் வாரிசு வேண்டுமென்றால் டாடா ஹாரியரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள 1,956 சி.சி. டீசல் ஃபியட்டின் 2.0 மல்டிஜெட்தான். ஜீப் காம்பஸில் இருப்பதும் அதுவே. மல்டிப்ளாவின் 1,910 சி.சி. இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 82 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90.4 மி.மீ. புதியதில் விட்டம் 83, ஸ்ட்ரோக் அதே 90.4. ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கி, மேலே உள்ளதையெல்லாம் மாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். என் வண்டியைப் பார்த்துச் சிரித்த ஹாரியர்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு!

என்ன மைலேஜ் கொடுக்கும்?

100 கி.மீ.க்கு 6 முதல் 7 லிட்டர். நம் கணக்கில் லிட்டருக்குப் பதினான்கு, பதினாறு. நெடுஞ்சாலையில் வேகத்தைக் கூட்டினால் சட்டென்று குறையும், ஏனென்றால் முகப்பு அகலமும் உயரமும் காற்றோடு மல்லுக்கு நிற்கும்.

நடுவுல முன் சீட்ல குழந்தைய உட்கார வைக்கலாமா?

பிரிட்டனில் தகுந்த குழந்தை இருக்கையோடு முன்னால் உட்கார வைக்கத் தடையில்லை. ஆனால் பின்னோக்கிய குழந்தை இருக்கையை, இயங்கும் ஏர்பேக் உள்ள இடத்தில் வைப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் முன் வரிசையில் குழந்தை இருக்கையைப் பொருத்தாதீர்கள்.

பின்னால் மூன்று தனி இருக்கைகள் இருப்பதால் மூன்று குழந்தை இருக்கைகளைப் பக்கம் பக்கமாக வைக்க முடிகிறது. இப்போதைய பல எஸ்.யு.வி.களில் இதைச் செய்ய முடியாமல் திண்டாடுகிறார்கள். இரட்டையரும் இன்னொன்றும் உள்ள வீட்டில் இந்தக் கார் ஏன் விலைபோனது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒன்று மட்டும்: இது 1990-களின் உடல். மோதலில் இன்றைய கார் தரும் பாதுகாப்பை எதிர்பார்க்கக் கூடாது.

டைமிங் பெல்ட்டா, செயினா? எப்போ மாத்தணும்?

பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடிக்கும், அதோடு வண்டியின் மதிப்பைவிடச் செலவு கூடிவிடும். கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். கம்மியாக ஓடிய பழைய வண்டியில் ரப்பரின் வயதுதான் முக்கியம். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதையும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். விற்பவர் 'போன வருஷம்தான் மாத்தினேன்' என்றால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பிக்கப் செத்துப்போச்சு, கறுப்பா புகை வருது. இன்ஜின் அவுட்டா?

பெரும்பாலும் இல்லை. இந்த இன்ஜின் முரட்டு உழைப்பாளி. முதலில் காற்று ஓட்டத்தை அளக்கும் சென்சாரைப் பாருங்கள். அது தப்பான கணக்குக் கொடுத்தால் கணினி டீசலைக் குறைத்து ஊற்றும், வண்டி சோர்ந்துபோகும். அடுத்தது இ.ஜி.ஆர். வால்வு, அதாவது புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு. ஊருக்குள்ளேயே ஓட்டினால் புகைக்கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். கறுப்புப் புகைக்கு அதுதான் முதல் சந்தேகம். கழற்றிச் சுத்தம் செய்தால் பல சமயம் சரியாகிவிடும். மூன்றாவது, டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு. விலை குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். நேராக டர்போவை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள்.

டீசல் விலை ஏறிக்கிட்டே போகுது, வடை சுட்ட எண்ணெயை ஊத்தினா ஓடாதா?

பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல்களில் ஊற்றி ஓட்டியவர்கள் உண்டு. இதில் வேண்டாம். காமன் ரெயிலைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அந்த உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. இன்ஜெக்டரின் துளைகளோ கண்ணுக்குத் தெரியாத அளவு. எண்ணெயின் பிசுபிசுப்பும் வடைத் துகளும் இரண்டையும் காலி செய்துவிடும். தவறிப்போய்ப் பெட்ரோல் ஊற்றினாலும் அதே கதிதான். சாவியைத் திருப்பாமல் தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

இத்தனை வருஷம் ஆச்சே, பார்ட்ஸ் கிடைக்குதா?

இன்ஜின் சாமான் தாராளமாகக் கிடைக்கும். இதே 1.9 குடும்பம் ஆல்ஃபா 147, 156, ஃபியட் ஸ்டிலோ, டோப்லோ என்று பலவற்றில் ஓடியது. பிற்காலத்து வடிவம் ஓப்பல் வெக்ட்ரா, சாப் 9-3 வரை போனது. கஷ்டம் உடலில்தான். நெற்றி விளக்கு, பம்பர், கதவுக் கண்ணாடி எல்லாம் இந்தக் காருக்கு மட்டுமே உரியவை, பழைய இரும்புக் கடையில்தான் தேட வேண்டும். ஆகவே வாங்கும்போது ஓடாத இன்ஜினுக்குப் பயப்படுவதைவிட உடைந்த விளக்குக்குப் பயப்படுங்கள். அப்புறம், ஜாக்கியில் தூக்கி அடியில் துரு பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

2004-க்கு அப்புறம் வந்தது பார்க்க நல்லா இருக்கே, அதையே வாங்கலாமா?

தாராளமாக. நெற்றி மடிப்பை எடுத்துவிட்டுச் சாதாரண முகம் வைத்தார்கள், நீளம் 4 மீட்டரைத் தாண்டியது. உள்ளே அதே ஆறு இருக்கை, அதே வசதி. வயதும் குறைவு. குடும்பத்துக்கு ஓட்ட மட்டும் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். இன்று தேடி வாங்குகிறவர்கள் மட்டும் பழைய முகத்தைத்தான் கேட்கிறார்கள், என்னையும் சேர்த்து. முகத்தைத் திருத்திய பிறகு பக்கத்தில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை எடுத்துக்கிட்டு லண்டனுக்குள்ள போகலாமா?

போகலாம், நாளுக்கு 12.50 பவுண்டு கட்டிவிட்டு. புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் லண்டனின் மிகக் குறைந்த உமிழ்வு மண்டலம் (யூலெஸ்) 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரத்தின் எல்லா பரோக்களையும் (உள்ளாட்சிப் பகுதிகளையும்) உள்ளடக்குகிறது. டீசல் கார் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தில் இருந்தால்தான் விலக்கு, இந்த வண்டி அதற்குப் பக்கத்தில்கூட வராது. பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். 40 வயது ஆன வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனால் 2000-இல் பிறந்த வண்டி அதற்கு 2040 வரை காத்திருக்க வேண்டும். பிறந்த ஊரான டூரினிலேயே குளிர்காலத்தில் பழைய டீசல்களுக்குக் கட்டுப்பாடு வருகிறது. லண்டனில் குடியிருப்பவர் இதை வாங்க வேண்டாம்.

ஊருக்குத் திரும்பும்போது கப்பல்ல போட்டு எடுத்துக்கிட்டு வந்திடுங்களேன். நாலு மீட்டருக்குள்ளதானே இருக்கு, வரியும் கம்மியா இருக்குமே?

பழைய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய, அது மூன்று ஆண்டுக்குள் தயாரித்ததாக இருக்க வேண்டும். இந்த வண்டி அந்த வரம்பைத் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. சுற்றுலாவுக்காகச் சுங்க ஆவணத்தோடு தற்காலிகமாகக் கொண்டுவந்து திருப்பி எடுத்துப்போகலாம், அவ்வளவுதான்.

வரிக் கணக்கு வேடிக்கையானது. இந்தியாவில் சின்னக் கார் சலுகைக்கு நீளம் 4,000 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், மல்டிப்ளா 6 மி.மீ. மிச்சத்தில் பாஸ். ஆனால் டீசல் இன்ஜின் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். 1,910 சி.சி. அதில் ஃபெயில்.